தம்பி தாய்லாந்து வேலைக்குப் போய் மியான்மர்ல மாட்டிக்கிட்டான், புகார் கொடுத்தா அவனுக்கே ஆபத்தா?

கடலூர் பக்கம் ஒரு கடலோர கிராமத்துல இருந்து ஒரு அக்கா எழுதின கடிதம் இது, கையெழுத்துல நாலு பக்கம். ஊர் பேரு, ஆள் பேரு, அடையாளம் தெரியற மாதிரி இருந்த விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

தம்பிக்கு 24 வயசு. டிப்ளமோ முடிச்சிட்டு சிப்காட்ல ஒரு கம்பெனில காண்ட்ராக்ட்ல வேலை, மாசம் 13,000. பாண்டிச்சேரில இருக்கற தூரத்து சொந்தம் ஒருத்தர், மாமா முறை, வீட்டுக்கு வந்து "தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, மாசம் 80,000, சாப்பாடு ரூம் எல்லாம் ஃப்ரீ, டைப்பிங் தெரிஞ்சா போதும்"னு சொல்லியிருக்கார். 1,80,000 ரூபாய் வாங்கியிருக்கார். அதுல 80,000 ஜிபேல ரெண்டு தடவையா போயிருக்கு, மிச்சம் 1 லட்சத்தை அவர் வீட்டுத் திண்ணைல பெரியப்பா முன்னாடி எண்ணிக் கொடுத்திருக்காங்க, அதுக்காக அக்காவோட வளையல் அடகுக்குப் போயிருக்கு. விநாயகர் சதுர்த்தி முடிஞ்ச வாரம் சென்னைல ஃப்ளைட் ஏறியிருக்கான், டூரிஸ்டா.

பாங்காக் இறங்கி ஒரு போட்டோ அனுப்பியிருக்கான். அப்புறம் ராத்திரி பூரா கார்ல கூட்டிட்டுப் போய், விடியறதுக்கு முன்னாடி ஒரு ஆத்தை போட்ல தாண்ட வச்சு, "ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆபீஸ்"னு சொல்லியிருக்காங்க. பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்க. வேலை என்னன்னா ஒரு பொண்ணு போட்டோ வச்ச போலி அக்கவுன்ட்ல வெளிநாட்டு ஆளுங்களோட பழகி அவங்களை கிரிப்டோல பணம் போட வைக்கணும். ஒரு நாளைக்கு 15, 16 மணி நேரம். டார்கெட் வரலைன்னா வெயில்ல ஓட விடறது, ரெண்டு தடவை கரண்ட் ஷாக். தீபாவளி சமயத்துல அங்க ஏதோ ரெய்டுன்னு ராத்திரியோட ராத்திரியா வேற காம்பவுண்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணி வாக்குல ரெண்டு நிமிஷம் பேசுறான், குசுகுசுன்னு, "அம்மாகிட்ட சொல்லாதக்கா"ன்னு. கம்பெனிக்காரங்க 4 லட்சம் கட்டினா விடறோம்ங்கறாங்க. இல்லைன்னா உன் ஊர்ல இருந்து ரெண்டு பசங்களை வரவழை, உன்னை விட்டுடறோம்ங்கறாங்க.

இந்த அக்கா ஒரு ஸ்டேஷனுக்குப் போனப்ப "பணம் வாங்கினது பாண்டிச்சேரில, அங்க போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அங்க போனா "நீங்க தமிழ்நாடு, உங்க ஊர்ல கொடுங்க"ன்னுட்டாங்க. வீட்டுக்காரர் என்ன சொல்றார்னா, "அவன் இஷ்டப்பட்டுதான் போனான், ஊரை ஏமாத்துற வேலையும் பாத்திருக்கான், கேஸ் ஆச்சுன்னா மொதல்ல அவனைத்தான் உள்ள வைப்பாங்க, விடு, 4 லட்சத்தைப் பொரட்டப் பார்ப்போம்." கடிதத்தோட கடைசி வரி, "புகார் கொடுக்கறதா, பணம் கட்டறதா, எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

அம்மா, கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நான் கடலூர் கோர்ட்ல இருபது வருஷத்துக்கு மேல வக்கீலா இருக்கேன், வெளிநாட்டு வேலைன்னு போய் சிக்கினவங்க குடும்பங்களை மஞ்சக்குப்பத்துல என் ஆபீஸ் படியில நிறைய பார்த்திருக்கேன், எல்லாரும் உங்களை மாதிரியேதான் வருவாங்க, தப்பு பண்ணினது தாங்கதான்ங்கற மாதிரி தலையைக் குனிஞ்சிக்கிட்டு. நீங்க தலை குனிய வேண்டிய எதுவும் நடக்கல. உங்க தம்பி என் பையன் வயசு, அதனால நானும் அவன்னே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், புகாரை இந்த வாரமே கொடுங்க. ஏன் இந்த வாரம்ங்கறதுக்குக் காரணம் இருக்கு, கீழ வரும்.

"இஷ்டப்பட்டுதானே போனான்"

உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல, பாதி ஊரு இப்படித்தான் நினைக்குது. ஆனா சட்டம் அப்படி நினைக்கல. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1ல இருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதுச் சட்டம், அதுல 143வது பிரிவுதான் ஆள் கடத்தல், பழைய சட்டத்துல 370. மிரட்டியோ, ஏமாத்தியோ, ஆசை காட்டியோ ஒருத்தரை சுரண்டறதுக்காக ஆள் சேர்த்தாலும், கூட்டிட்டுப் போனாலும், தங்க வச்சாலும், கைமாத்தி விட்டாலும், வாங்கிக்கிட்டாலும் கடத்தல்தான். கயிறு கட்டி வேன்ல தூக்கிட்டுப் போனாத்தான் கடத்தல்னு நாம நினைக்கறோம் பாருங்க, அது அப்படி இல்ல. அதே பிரிவுலயே விளக்கமா எழுதியிருக்கு, பாதிக்கப்பட்டவர் சம்மதிச்சாரா இல்லையாங்கறதே பொருட்டு இல்லைன்னு. டேட்டா என்ட்ரின்னு சொல்லி வாங்கின சம்மதம் டேட்டா என்ட்ரிக்குத்தான், ஷாக் வாங்கிட்டு ஊரை ஏமாத்தறதுக்கு அவன் சம்மதிக்கவே இல்ல. தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாம 10 வருஷம் வரைக்கும், ஒருத்தருக்கு மேல அனுப்பியிருந்தா 10 வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும். அந்த மாமா உங்க தம்பியை மட்டுமா அனுப்பியிருப்பார்னு நினைக்கறீங்க?

அங்க போய் ஒரு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டான், அதனால முடியாதுன்னு அவங்க சொல்றதா எழுதியிருக்கீங்க. அந்தப் பேப்பருக்கு மதிப்பு கிடையாது. இதே பாண்டிச்சேரி, காரைக்கால் கரைல இருந்துதான் 19ம் நூற்றாண்டுல ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் கப்பலா ஒப்பந்தக் கூலிங்க போனாங்க, அவங்க கையிலயும் ஒரு பேப்பர் இருந்துச்சு, கைநாட்டும் இருந்துச்சு. இன்னைக்கு நம்ம அரசியல் சட்டத்துல 23வது பிரிவு ஆள் கடத்தலையும் கட்டாய வேலையையும் தடை பண்ணியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டான்ங்கற பயத்தை மொதல்ல மனசுல இருந்து எடுங்க.

இன்னொண்ணு, "படிச்ச பையன் எப்படி ஏமாந்தான்"னு நாலு பேர் கேக்கறதா அழுது எழுதியிருக்கீங்க. இந்த வலையே படிச்ச பசங்களுக்கு விரிச்சதுதான் அம்மா. நம்ம குடிபெயர்வுச் சட்டம் 1983ல வந்தது, கல்ஃபுக்குக் கூலி வேலைக்குப் போறவங்களை மனசுல வச்சு எழுதினது, அதனால பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்லதான் குடிபெயர்வு அனுமதி வேணும்னு முத்திரை விழும். உங்க தம்பி டிப்ளமோ, அந்த அனுமதியே தேவையில்ல, டூரிஸ்ட்னு சொல்லிட்டுப் போனதால வேலை விஷயத்தை ஏர்போர்ட்ல யாரும் தோண்டிக் கேக்கல. படிப்பு இருந்ததாலயே காவல் இல்லாம போச்சு. இந்த ஓட்டையை அடைக்காம அட்வைசரி மட்டும் விட்டுக்கிட்டு இருக்கறது எனக்கு ஆத்தாமையா இருக்கு, 2022 செப்டம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் தாய்லாந்து, மியான்மர் பேரைச் சொல்லி எச்சரிக்கை விட்டுச்சு, ஆனா அந்த எச்சரிக்கை தேவனாம்பட்டினத்துக்கும் தாழங்குடாவுக்கும் வந்து சேரல, ஏஜென்ட் பைக்ல வந்து சேர்ந்துட்டான்.

வந்தா அவனைக் கைது பண்ணுவாங்களா?

இதுல நான் பூசி மெழுகப் போறதில்ல. திரும்பி வர்றவங்களை விசாரிப்பாங்க, இறங்கின உடனேயே போலீஸும் மத்திய ஏஜென்சிங்களும் உட்கார வச்சு கேள்வி கேப்பாங்க, யாரு அனுப்பினா, என்ன வேலை, எவ்வளவு நாள், வேற யாரை வரவழைச்சனு. இது ரெண்டு நாள் இழுக்கலாம். விசாரணை வேற, கைது வேற, பதற வேண்டாம். ஆனா "கட்டாயப்படுத்தித்தான் செஞ்சேன்"னா தானா விட்டுடுவாங்கன்னும் நம்ம சட்டத்துல இல்ல. உடனடி உயிர் பயத்துல செஞ்சதைக் குத்தமா பார்க்கக்கூடாதுன்னு நியாய சன்ஹிதா 32வது பிரிவு சொல்லுது, அது ரொம்பக் குறுகலான கதவு, "உடனடி"ங்கற ஒரு வார்த்தையிலயே அரசு வக்கீல் நின்னுடுவார். கடத்தப்பட்டவங்களுக்குன்னு முழுசா ஒரு தனிச் சட்டம் வேணும்னு 2018ல லோக்சபாவுல மசோதா பாஸ் ஆச்சு, ராஜ்யசபாவுல நிறைவேறாம 2019ல காலாவதி ஆயிடுச்சு.

அப்ப அவனுக்கு என்ன பாதுகாப்புன்னா, தேதி. அவன் மாட்டிக்கிட்டு இருக்கும்போதே, யாரும் அவனைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே, அக்கா ஸ்டேஷன்ல போய் "என் தம்பியைக் கடத்திட்டாங்க, அடிச்சு ஏமாத்து வேலை பார்க்க வைக்கறாங்க"ன்னு எழுதிக் கொடுத்த புகார்ல விழற தேதி. பின்னாடி எந்த கோர்ட்டுல நின்னாலும் மாட்டினதுக்கப்புறம் சொல்ற கதைக்கும் மாட்டிக்கிட்டு இருக்கும்போதே கொடுத்த புகாருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இந்த வாரமேன்னு நான் சொல்றது இதனாலதான். கேஸ் ஆனா தம்பி மாட்டுவான்னு நீங்க பயப்படறீங்க, நான் சொல்றேன், கேஸ் இல்லாம இருக்கற ஒவ்வொரு வாரமும்தான் அவனுக்கு எதிரா போகுது.

புகார்ல எதையும் மறைக்காதீங்க, அவன் பார்த்த வேலை என்னன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க. "ஆபீஸ் வேலை"ன்னு மழுப்பி எழுதிட்டு அப்புறம் உண்மை வந்தா மொத்தப் புகாரும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?

கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் எல்லையில இருக்கற முள்ளோடை செக்போஸ்ட் தாண்டினா வேற போலீஸ், வேற சர்க்கார், அது உண்மை. ஆனா புகாரை வாங்க மாட்டோம்ங்கறதுக்கு அது ஒரு காரணமே இல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173வது பிரிவு சொல்றது, குத்தம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம், அவங்க பதிஞ்சு உரிய ஸ்டேஷனுக்கு மாத்தி விடணும், இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர்ங்கறோம். உங்க விஷயத்துல ஜீரோவே தேவையில்ல, ஏன்னா அந்த ஆளு உங்க வீட்டுக்கு வந்து ஆசை காட்டினதும், உங்க ஊர்ல இருந்து ஜிபே போனதும் கடலூர் மாவட்டத்துலதான். அதனால கடலூர்லயே கொடுங்க. வாங்க மாட்டேன்னா சண்டை போடாதீங்க, அதே புகாரை எஸ்பி ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீதை வச்சுக்கோங்க, அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போட்டு எஃப்ஐஆர் போடச் சொல்ல வைக்கலாம். எஃப்ஐஆர் காப்பி இலவசமா கொடுத்தாகணும், கேட்டு வாங்குங்க, அந்தக் காப்பி பாங்காக் வரைக்கும் வேலை செய்யும்.

மாவட்டத்துல ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுன்னு தனியா இருக்கு, புகார் காப்பி ஒண்ணு அங்கயும் போகட்டும். 143 கூட ஏமாத்தினதுக்கு 318(4), பணம் கேட்டு மிரட்டறதுக்கு 308, அதோட குடிபெயர்வுச் சட்டத்துல பதிவு இல்லாம ஆள் எடுத்ததுக்கு 10, 24ன்னு எழுதச் சொல்லுங்க. அந்த 24வது பிரிவுக்கு தண்டனை 2 வருஷம், அபராதம் 2,000 ரூபாய் வரைக்கும்தான், 1983ல போட்டது, அதனால அந்தச் சட்டத்தை மட்டும் போட்டுட்டு 143ஐ விட்டுடறாங்களான்னு பார்த்துக்கோங்க. குடிபெயர்வுச் சட்டத்துல நல்லது ஒண்ணும் இருக்கு, வழக்கு நடத்த மத்திய அரசோட முன் அனுமதி வேணும்னாலும், போனவரோட அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைங்க, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி கொடுக்கற புகாருக்கு அந்த அனுமதி வேண்டாம்னு 27வது பிரிவுல இருக்கு. அக்கான்னு நீங்க போட்டாலே போதும், அம்மா கையெழுத்து அவசியம் இல்ல.

வக்கீல் செலவை நினைச்சு தயங்காதீங்க. கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பெண்கள் எல்லாருக்கும், ஆள் கடத்தல்ல பாதிக்கப்பட்டவங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் கொடுக்கணும்ங்கறது 1987 சட்டம், நீங்க பொம்பளைங்கறதாலயே தகுதி ஆயிட்டீங்க. 15100ன்னு போன் போட்டாலும் வழி சொல்வாங்க. கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் சேர்த்து ஹைகோர்ட் ஒண்ணுதான், சென்னை, அதனால ரெண்டு போலீஸும் கை விரிச்சா அங்க ஒரே ரிட் மனுல ரெண்டு பேரையும் நிறுத்தலாம்.

கையில வச்சுக்க வேண்டியது என்னன்னா பாஸ்போர்ட் காப்பி, டிக்கெட், பாங்காக் போட்டோ, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சாட் மொத்தமும், அவன் அனுப்பின லொகேஷன். நீங்க சேர்த்து அனுப்பியிருந்த ஆஃபர் லெட்டரையும் பார்த்தேன். மேல கம்பெனி பேரு தங்கக் கலர்ல பெருசா இருக்கு, ஆனா முகவரி இல்ல, போன் நம்பர் இல்ல, கையெழுத்து போட்ட இடத்துல ஒரு முத்திரைப் படத்தை ஒட்டியிருக்காங்க, அந்த முத்திரை எழுத்தே மங்கி ஒண்ணும் படிக்க முடியல, சம்பளம் மட்டும் மூணு இடத்துல போட்டிருக்கு. அந்த ஒரு தாளே நல்ல சாட்சி. போனை ரீசெட் பண்ணிடாதீங்க, புது போன் வாங்கினா பழசை விக்காதீங்க, இந்த டிஜிட்டல் சாட்சியை கோர்ட்ல ஏத்தணும்னா புது சாட்சிய சட்டம் 63வது பிரிவுல ஒரு சான்றிதழ் கொடுக்கணும், அதுக்கு அந்த போனே இருந்தா நல்லது. பெரியப்பா கண்ணால பார்த்ததை இப்பவே தேதியோட எழுதி கையெழுத்து வாங்கி வைங்க, அவருக்கு வயசாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

ஒண்ணே ஒண்ணு, புகார் கொடுக்கற வரைக்கும் அந்த மாமாவுக்கு போன் போட்டு சத்தம் போடாதீங்க. பொங்கலுக்கு வந்தப்ப சட்டையைப் பிடிக்கப் போனேன்னு எழுதியிருக்கீங்க, உங்க ஆத்திரம் புரியுது. ஆனா அவர் அங்க ஒரு மெசேஜ் தட்டினா அடி விழறது தம்பிக்கு. ஸ்டேஷன்லயும் இதைச் சொல்லுங்க, ஏஜென்ட்டைக் கூப்பிட்டு சமாதானம் பேச வேண்டாம், மொதல்ல பையனோட பாதுகாப்பைப் பாருங்கன்னு.

4 லட்சமும் ரெண்டு பசங்களும்

பணம் கட்டி வந்தவங்களே இல்லைன்னு சொல்ல மாட்டேன், இருக்காங்க. கட்டினதுக்கு அப்புறம் வேற கம்பெனிக்கு வித்துட்ட கதையும் இருக்கு, கட்ட முடியற குடும்பம்னு தெரிஞ்சதும் தொகை ஏறின கதையும் இருக்கு. விடறோம்னு அவங்க சொல்றதுக்கு யாரு ஜாமீன், அந்த மாமாவா? உங்க கடிதப்படி பாதிப் பணம் திரும்பவும் அந்த ஆளு அக்கவுன்ட்டுக்குத்தான் போகணுமாம், அதைப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. தம்பி உங்க ரத்தம், அவன் உடம்புல அடி விழறப்ப பணம் கட்டாதன்னு நான் கட்டளை போட முடியாது, போடவும் மாட்டேன். புகார் கொடுக்காம, தூதரகத்துக்கு மெயில் போடாம, வீட்டை அடகு வச்சு பணம் மட்டும் கட்டாதீங்கன்னுதான் சொல்றேன். கேக்கறப்ப "பொரட்டறோம், டைம் கொடுங்க"ன்னு இழுத்துக்கிட்டே இருங்க, கேக்கற அக்கவுன்ட் நம்பர், கிரிப்டோ முகவரி எல்லாத்தையும் சேமிச்சு போலீஸ்ல கொடுங்க.

ரெண்டு பசங்களை அனுப்பற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். தம்பியே அழுது கேட்டாலும் வேண்டாம். எதிர் வீட்டுப் பையன் வேலை இல்லாம இருக்கான், அவனே கேக்கறான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியைப் படிச்சப்ப எனக்குப் பகீர்னு ஆச்சு. அந்தப் பையனுக்கும் ஒரு அக்கா இருப்பா. சட்டமா பார்த்தாலும், இது வரைக்கும் நீங்க பாதிக்கப்பட்ட குடும்பம், ஒரு ஆளை அனுப்பின நிமிஷம் அதே 143ல நீங்களும் தம்பியும் குத்தவாளி, அப்புறம் எந்த வக்கீலாலயும் காப்பாத்த முடியாது. எதிர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்க, கௌரவம் பார்க்காதீங்க.

அங்க இருந்து எப்படி வெளிய வர்றாங்க

"இந்தியன் எம்பஸி போய் கூட்டிட்டு வர வேண்டியதுதானே"ன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி, அந்த இடத்தோட நிலைமை தெரிஞ்சாத்தான் பதில் புரியும். தம்பி தாண்டின ஆறு மோய் ஆறு. இந்தக் கரை தாய்லாந்தோட மே சோட், அந்தக் கரை மியான்மரோட மியாவாடி, நம்ம பெண்ணையாறு அகலம் கூட இல்லாத எடம் எல்லாம் அதுல உண்டு. 2021 பிப்ரவரில மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுல இருந்து அங்க உள்நாட்டுச் சண்டை, அந்த எல்லைல ஆயுதக் குழுக்கள் கைதான் ஓங்கியிருக்கு, கம்பெனிங்க அவங்களுக்குப் பணம் கட்டி மதில் எழுப்பி உட்கார்ந்திருக்கு. யாங்கூன்ல இருக்கற நம்ம தூதரகம் கார் எடுத்துக்கிட்டு நேரா போயிட முடியாது. 2023 ஆகஸ்ட்ல ஐநா மனித உரிமை அலுவலகம் சொன்ன கணக்குப்படி மியான்மர்ல மட்டும் 1,20,000 பேராவது இப்படி அடைபட்டு இருக்கலாம், கம்போடியால இன்னும் 1 லட்சம் பேர் வாக்குல. உங்க தம்பி தனியா மாட்டல.

ஆனா கதவு திறந்த சமயங்களும் இருக்கு. 2025 பிப்ரவரில தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போற கரண்டு, இன்டர்நெட், டீசல் எல்லாத்தையும் அஞ்சு இடத்துல வெட்டுச்சு, சீனாவோட அழுத்தமும் சேர்ந்துச்சு, ஆயுதக் குழுவே ஆயிரக்கணக்கானவங்களை வெளிய விட்டுச்சு, மார்ச் 10, 11 தேதில நம்ம ஏர்ஃபோர்ஸ் விமானம் மே சோட்ல இருந்து 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்துச்சு. தீபாவளி சமயம் ரெய்டுன்னு தம்பி சொன்னானே, அது கேகே பார்க்ங்கற காம்பவுண்டுல 2025 அக்டோபர்ல நடந்தது, அப்ப ஆத்தைத் தாண்டி ஓடி வந்தவங்கள்ல சுமார் 500 பேர் நம்ம ஆளுங்க, நவம்பர்ல விமானம் போய் கூட்டிட்டு வந்தாங்க. உங்க தம்பியை அதுக்குள்ள எடம் மாத்திட்டாங்க, அதுதான் விதி. அடுத்த தடவை கதவு திறக்கறப்ப தூதரகத்துல அவன் பேரு, பாஸ்போர்ட் நம்பர், கடைசி லொகேஷன் ஏற்கனவே இருக்கணும். அதனால பாங்காக் தூதரகம், யாங்கூன் தூதரகம் ரெண்டுக்கும் எஃப்ஐஆர் காப்பியோட மெயில் போடுங்க, வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களோட குறைகளுக்காக வெளியுறவு அமைச்சகம் வச்சிருக்கற MADAD போர்ட்டல்ல பதியுங்க, சென்னைல குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸுக்கு ஒரு மனு, தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793ல ஒரு போன். 2022 அக்டோபர்ல மியாவாடில இருந்து 13 தமிழ்ப் பசங்க சென்னை வந்து இறங்கினதுக்குப் பின்னாடி இப்படிக் குடும்பங்க கொடுத்த மனுதான் இருந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே விவரம், ஒரே தேதி இருக்கணும், ஆளுக்கொரு கதை போகக்கூடாது.

நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் எதுவும் இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு, எது உங்களுக்கு உதவும்ங்கறதுதான் விஷயம். நம்ம பக்கத்துல சார்க் நாடுகள் 2002ல காட்மாண்டுல ஒண்ணு போட்டாங்க, அது பெண்கள், குழந்தைகளை பாலியல் தொழிலுக்குக் கடத்தறதுக்கு மட்டும்தான், 24 வயசு ஆம்பளப் பையன் அதுக்குள்ள வரவே மாட்டான். அதே 2002ல ஆரம்பிச்ச பாலி கூட்டமைப்புல இந்தியாவும் தாய்லாந்தும் மியான்மரும் இருக்கு, ஆனா அது பேச்சுவார்த்தை மேடை, கட்டாயப்படுத்தற சட்டம் இல்ல. ஐநாவோட 2000வது வருஷ பாலெர்மோ நெறிமுறைல இந்தியா 2011ல சேர்ந்துச்சு, மியான்மர் 2004ல, தாய்லாந்து 2013ல, அந்த வரையறைதான் பெரும்பாலான நாடுகள்ல இப்ப கடத்தலுக்கு அடிப்படை. ஆசியான் நாடுகள் 2015ல தனியா ஒரு ஒப்பந்தம் போட்டு 2017ல நடைமுறைக்கு வந்துச்சு, இந்தியா அதுல உறுப்பு இல்ல, ஆனா தாய்லாந்து கட்டுப்பட்டது. கடத்தப்பட்டவர் கடத்தலோட நேரடி விளைவா செஞ்ச சட்டமீறலுக்கு அவரைப் பொறுப்பாக்காம இருக்கறதைப் பத்தி யோசிக்கணும்னு அதுல இருக்கு.

உங்களுக்கு இது எங்க வேலைக்கு ஆகும்னா மே சோட்ல. தம்பி எப்படியாவது ஆத்தைத் தாண்டி வந்தான்னு வைங்க, தாய்லாந்து போலீஸ் கண்ணுக்கு அவன் அனுமதி இல்லாம உள்ள வந்தவன். தங்கின காலம் மீறினதுக்கு ஒரு நாளைக்கு 500 பாட் வச்சு அதிகபட்சம் 20,000 பாட் வரைக்கும் அபராதம், அதுக்கு மேல உள்ள வைக்கறதும் உண்டு. ஆனா அங்க கடத்தப்பட்டவரா இல்லையான்னு விசாரிச்சு முடிவு பண்ற ஒரு முறை இருக்கு, அதுல "கடத்தப்பட்டவர்"னு எழுதிட்டா பாதையே மாறிடும். அந்த அதிகாரி முன்னாடி உங்க கடலூர் எஃப்ஐஆரும் நம்ம தூதரகக் கடிதமும் இருந்தா என்ன, இல்லைன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பாஸ்போர்ட் இல்லைன்னு பயப்பட வேண்டாம், ஊருக்குத் திரும்பறதுக்கு மட்டும் தூதரகம் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் கொடுக்கும்.

கொடுத்த 1,80,000 திரும்பி வருமான்னும் கேட்டிருக்கீங்க. சீக்கிரம் வராது அம்மா. பதிவு பெற்ற ஏஜென்ட்னா அரசுகிட்ட வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார், வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், வெளியுறவு அமைச்சகத்தோட இமைக்ரேட் இணையதளத்துல பேரு இருக்கும், இந்த ஆளு பேரு அதுல இருக்கான்னு இலவச வக்கீல்கிட்ட பார்க்கச் சொல்லி இல்லைங்கறதையும் புகார்ல சேருங்க. கேஸ் முடிவுல நஷ்டஈடு வரலாம், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா மனு போடலாம். வளையலை மறந்துடுங்கன்னு சொல்ல மனசு வரல, ஆனா இப்ப வரிசைல அது கடைசி.

வர்ற ஞாயித்துக்கிழமை போன் வந்தா

ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும், அதை அழுகைல விட்டுடாதீங்க. வீடியோ எடு, போட்டோ எடுன்னு அவனைக் கேக்காதீங்க, மாட்டினா தாங்க மாட்டான். புது காம்பவுண்டு பேரு, பக்கத்துல தெரியற கோபுரமோ பாலமோ, கூட தமிழ்ப் பசங்க எத்தனை பேரு, அவ்வளவு போதும். பேசி முடிச்சதும் கால் லிஸ்ட்டை அழிக்கச் சொல்லுங்க. யாராவது பக்கத்துல இருந்தா சொல்ல ஒரு வார்த்தை பேசி வைங்க, "சித்திக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா"ன்னு அவன் கேட்டா இப்ப பேச முடியாதுன்னு அர்த்தம், இந்த மாதிரி. ஆத்துல குதிக்கறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, கூட்டமா வெளிய விடற சமயம் வந்தா மட்டும் மத்தவங்களோட சேர்ந்தே நடக்கச் சொல்லுங்க. தாய்லாந்து பக்கம் யார் கேட்டாலும் சொல்ல வேண்டியது, நான் இந்தியன், என்னை ஏமாத்திக் கொண்டு வந்தாங்க, எங்க ஊர்ல புகார் இருக்கு, எங்க தூதரகத்துக்குப் போன் போடுங்க. எஃப்ஐஆர் நம்பரை அவன் மனப்பாடம் பண்ணிக்கட்டும், எழுதி வைக்க வேண்டாம்.

அம்மாகிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்கு பிரஷர்னு பயந்து நாலஞ்சு மாசமா மறைச்சு வச்சிருக்கீங்க, ஆனா போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவாங்க, வாசல்ல ஜீப்பைப் பார்த்து தெரிஞ்சுக்கறதை விட உங்க வாயால தெரிஞ்சுக்கட்டும். தம்பிகிட்டயும் சொல்லுங்க, அம்மாவுக்குத் தெரியும், திட்டல, வந்தா போதும்னு சொன்னாங்கன்னு. திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு மேல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் திறந்திருக்கும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க.